இரண்டு காட்சிக்கு வந்து போகும் தமிழர்

எம்பிலிப்பிட்டிய பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடை. இறக்குவானைப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அத்தையின் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிச் செல்லும்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். சுவரின் உயரத்தில் ஒரு தொலைக்காட்சி. இரவுச் சாப்பாட்டு நேரம் என்பதால் சிங்களத் தொடர்நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கொத்துப் போடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்திருந்தார்கள்.

கதையில் ஒரு வீடு, அந்த வீட்டுக்குள் ஒரு சொத்துத் தகராறு. நடுவில் ஒரு தமிழர் வந்தார். நெற்றியில் திருநீறு. உடைந்த சிங்களத்தில் நாலு வசனம் பேசினார். பழைய கடன் ஒன்றைப் பற்றிய உண்மையைச் சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டார், போய்விட்டார். அவர் எங்கிருந்து வந்தார், எந்தப் பஸ்ஸில் திரும்பிப் போனார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கதை கேட்கவில்லை. அடுத்த காட்சியில் அந்தக் குடும்பம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

கடை முதலாளி சிங்களவர். என் முகத்தைப் பார்த்தாரோ, பேச்சைக் கேட்டாரோ, தானாகவே சொன்னார்: "இதை எங்கட இறக்குவானை தர்ஷன் செய்திருந்தால் வேற மாதிரி இருந்திருக்கும். பாவம், போயிட்டான்."

தர்ஷன் தர்மராஜைத்தான் சொன்னார். 2022 ஒக்ரோபரில் மாரடைப்பால் இறந்த நடிகர். இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானையில் பிறந்த தமிழர். அவர் இறந்தபோது சிங்களக் கலைஞர்களும் ரசிகர்களும் மனம்விட்டு அழுதார்கள். இந்தக் கடை முதலாளிக்கு அவர் "எங்கட" ஆள். அந்தச் சொல்லில் பொய் இருந்ததாக எனக்குப் படவில்லை. ஆனால் அன்று இரவு முழுக்க ஒரு கேள்வி மனதில் ஓடியது. இவ்வளவு பிரியமாக நினைவுவைத்திருக்கும் ஒரு முகத்துக்கு நம் நாட்டுத் திரை எந்த மாதிரியான வேடங்களைக் கொடுத்தது?

தொடர்நாடகத்தில் பெயர்போன ஒரு நடிகர் சில நாள் வந்து போவதைத் தமிழில் கௌரவ வேடம் என்பார்கள், சிறப்புத் தோற்றம் என்றும் போடுவார்கள். கௌரவம் அந்த நடிகருக்கா தொடருக்கா என்பது வேறு கதை. உலகம் முழுவதும் இது பழைய வழக்கம். 1981 நவம்பரில் அமெரிக்காவின் 'ஜெனரல் ஹொஸ்பிடல்' தொடரில் ஒரு கல்யாணக் காட்சிக்கு எலிசபெத் டெய்லர் வந்தார். அவரே அந்தத் தொடரின் ரசிகை. ஏறத்தாழ 3 கோடிப் பேர் அந்தக் கல்யாணத்தைப் பார்த்தார்கள். 2005 இல் பிரித்தானியாவின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் இயன் மெக்கெல்லன் 10 அத்தியாயங்களுக்கு வந்து போனார். 2025 ஒக்ரோபரில் ஹிந்தித் தொடர் ஒன்றில் யார் வந்தார் தெரியுமா? பில் கேட்ஸ். மீண்டும் தொடங்கிய 'க்யூங்கி சாஸ் பி கபி பஹூ தீ' தொடரில், ஸ்மிருதி இரானி நடிக்கும் துளசியுடன் காணொளி அழைப்பில் தாய் சேய் நலம் பற்றிப் பேசினார்.

இதன் கணக்கு சிக்கலானது இல்லை. சின்னத்திரையில் சம்பளம் பெரும்பாலும் நாள் கணக்கில். ஒரு சினிமா முகத்தை வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது, மூன்று நாள் கால்ஷீட் வாங்கலாம். அந்த மூன்று நாளில் எடுத்த காட்சிகளை இரண்டு வாரத்துக்கு இழுக்கலாம், முன்னோட்டத்தை ஒரு வாரம் முன்பே ஓட்டலாம். தொடர் தொய்ந்து கிடக்கும் நேரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை ஏறும். நடிகருக்கும் நட்டமில்லை, புதுப் படம் வரப்போகிறது என்றால் அதுவே விளம்பரம்.

என் அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும். அன்று இரவு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது லயத்தின் நடு அறையில் தென்னிந்தியத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் கல்யாணத்துக்கு ஒரு பழைய சினிமா நடிகை வந்திருந்தார். "ரெண்டு நாளைக்குத்தான் வருவா. தாலி கட்டினதும் போயிருவா பாரு" என்றார் அத்தை. அதே மாதிரிதான் நடந்தது என்று மறுநாள் இரவு பார்த்தேன். நான் ஊடகக் கற்கையில் நாலு வருடம் படித்ததை அத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

என் குடும்பமும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். 1977 வன்செயலில் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தாத்தா குடும்பம் கிளம்பி வன்னிக்குப் போனது. அத்தை மட்டும் கல்யாணமாகி இங்கேயே நின்றுவிட்டார். 77 இலும் 83 இலும் அப்படிப் போனவர்கள் ஏராளம். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் என்று இருக்கும் ஊர்களில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அடிபட்டு ஓடிப் போன இடத்தில் மறுபடியும் போர் வந்து அவர்களைப் பிடித்தது. நான் பாரதிபுரத்துப் பிள்ளை.

அம்மா 'கோலங்கள்' பார்த்துக்கொண்டிருந்தார். சன் தொலைக்காட்சியில் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்த தொடர் அது. தேவயானி நடித்த அபி என்ற பெண்ணின் கதை. அந்தத் தேதிகளை இப்போது எழுதிப் பார்த்தால் உடம்பு ஒருமாதிரி ஆகிறது. சமாதான காலத்தில் தொடங்கி, போர் மீண்டும் மூண்டு, நாங்கள் கிளிநொச்சியை விட்டு ஓடி, முள்ளிவாய்க்கால் முடிந்து, மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்தையும் தாண்டி அபி தன் பாட்டில் ஒவ்வோர் இரவும் வந்துகொண்டிருந்திருக்கிறாள். 2008 இல் வீட்டை விட்டு இறங்கிய அன்றுடன் அம்மாவுக்குக் கதை அறுந்தது. ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில் ஒருநாள் கேட்டார்: "அபிக்குக் கடைசியில என்னடி ஆச்சு?" பக்கத்து வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் கதை நின்றிருந்தது.

தொடர்நாடகத்தைப் பற்றிப் படித்தவர்கள் பேசும்போது அழுகை, சதி, மாமியார் கொடுமை என்று முடித்துவிடுவார்கள். குறை சொல்ல நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேறு எந்தக் கலைக்கும் இல்லாத ஒரு வசதி அதற்கு உண்டு. அதனிடம் நேரம் இருக்கிறது. ஒரு மனிதருக்கு அது வீடு கட்டிக் கொடுக்கும். அடுப்படி, காய்ச்சல், பிள்ளையின் பள்ளிக்கூடக் காசு, கோபித்துக்கொண்டு போன தம்பி என்று ஆயிரம் நாள் உட்கார்ந்து சொல்லும். ஆயிரம் நாள் ஒருவரோடு இரவுச் சோறு சாப்பிட்டால் அவர் யாரென்று தெரிந்துவிடும். அபி எங்கள் ஊர் இல்லை, எங்கள் பேச்சும் இல்லை. ஆனாலும் அம்மா கேட்டார்.

கௌரவ வேடத்தில் வருபவருக்கு இது எதுவும் கிடையாது. அவர் ஒரு வேலையாக வருகிறார். கல்யாணத்தை நடத்த, ரகசியத்தை உடைக்க, வழக்கில் வாதாட. வேலை முடிந்ததும் கதவு அவருக்குப் பின்னால் சாத்தப்படும். சினிமா நட்சத்திரத்துக்கு அதனால் குறையில்லை. அவர் யாரென்று நமக்கு முன்பே தெரியும், அவருக்கு வேறு படங்களில் வேறு வீடுகள் இருக்கின்றன. திரையில் வேறெங்கும் வீடு இல்லாத ஒருவர் எப்போதும் விருந்தாளியாகவே வந்து போனால் என்ன ஆகும்?

சிங்களத் தொடர்களில் நான் பார்த்த தமிழர் பெரும்பாலும் அப்படித்தான் வந்து போனார்கள். ஒரு காலத்தில் சிரிப்பு மூட்ட வந்தார்கள். உச்சரிப்புப் பிசகிய சிங்களம், கடைக்காரர் அல்லது தோட்டத்து வேலையாள். போர்க்காலத்தில் பயமுறுத்த வந்தார்கள். போர் முடிந்த பிறகு வந்தவர்தான் எனக்கு மிகவும் வினோதமாகப் படுபவர். அவர் மன்னிக்க வருகிறார். எல்லாவற்றையும் இழந்திருப்பார், ஒருவர் மீதும் கோபம் இருக்காது, சிங்களக் கதாநாயகன் மனம் தெளிவடைய உதவிவிட்டு வடக்குப் பக்கம் பஸ் ஏறிவிடுவார். அவர் வீட்டில் உலை வைத்திருக்கிறார்களா என்று ஒரு நாளும் காட்டுவதில்லை.

ஒரு காலத்தில் தமிழருக்கு முக்கிய வேடம் கிடைத்தபோது அதைத் தமிழர் நடிக்கவில்லை என்பதும் உண்டு. 1979 இல் வந்த சுனில் ஆரியரத்னவின் 'சருங்கலே' படத்தில் நடராஜா என்ற யாழ்ப்பாணத்து எழுதுவினைஞராக வாழ்ந்தவர் காமினி பொன்சேகா. நல்ல நடிப்பு, நல்ல மனதோடு எடுத்த படம், இன்றும் பார்க்கலாம். ஆனால் சிங்களத் திரையின் ஆகப் பெரிய நட்சத்திரம்தான் அந்தத் தமிழராக வேண்டியிருந்தது. தெரிந்த முகம் இல்லாமல் அந்த வீட்டுக்குள் பார்வையாளர் நுழையமாட்டார்கள் என்று தயாரிப்பாளர்கள் யாரும் நினைத்திருந்தால் அதைத் தப்பென்று சொல்லவும் முடியாது.

தர்ஷனின் காலத்தில் அது மாறியது. தமிழர் வேடத்துக்குத் தமிழரே வந்தார். எந்த வேடத்துக்கு என்று பார்த்தால், 2008 இல் துஷார பீரிஸின் 'பிரபாகரன்', போரைப் பற்றிய படம். 2012 இல் போதி கீர்த்திசேனவின் 'மாத்தா', அதில் புலி உறுப்பினர். அதே 2012 இல் அசோக ஹந்தகமவின் 'இனி அவன்', அதில் முன்னாள் போராளி. இறக்குவானை மலையடியில் வளர்ந்த ஒரு பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டத்துக் கதை ஒன்றுகூடக் கிடைக்குமுன் துவக்குத் தூக்கும் கதைகள் வரிசையில் வந்து நின்றன. தமிழ் முகம் என்றால் வடக்கு, வடக்கு என்றால் போர். இந்தச் சமன்பாட்டில் மலையகம் எங்கே இருக்கிறது?

'இனி அவன்' மற்ற இரண்டையும் போன்றதில்லை. ஹந்தகம அதைத் தமிழிலேயே எடுத்தார். அந்த வருடம் கான் திரைப்பட விழாவின் சுயாதீனப் படங்களுக்கான அசிட் பிரிவில் அது காட்டப்பட்டது. போர் முடிந்து யாழ்ப்பாணத்து ஊருக்குத் திரும்பும் ஒருவன், ஊர் அவனை முகம் கொடுத்துப் பார்க்காது, காவலாளி வேலை, பிறகு கள்ளக் கடத்தலின் வலை. புனர்வாழ்வு முடிந்து வந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு அந்த மௌனம் எவ்வளவு சரியாகப் பிடிபட்டிருக்கிறது என்று தெரியும். தர்ஷன் கண்ணால் மட்டும் நடித்த இடங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் முழுப் படத்தையும் தோளில் சுமந்த அந்தப் பாத்திரத்துக்கும் பெயர் கிடையாது. 'அவன்', அவ்வளவுதான். படத்தின் கருத்துக்கு அது பொருத்தம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. என்றாலும் நூற்றுச் சொச்ச நிமிடத்தில் அந்தக் கதை முடிந்துவிட்டது. அந்த 'அவன்' கல்யாணம் செய்து, கடன் எடுத்து, லீசிங் கட்டி, பிள்ளையை முன்பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஆயிரம் நாளை யாரும் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் 'அவன்'கள் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

சிறிய வேடம் கேவலம் என்று சொல்ல வரவில்லை. ஒரு காட்சியில் வந்து ஊரையே பேசவைத்த நடிகர்கள் உண்டு. வாய்ப்புக் கொடுத்த சிங்கள இயக்குநர்கள் மீது பழி போடுவதும் நியாயமில்லை, அவர்கள் கொடுத்திராவிட்டால் கடை முதலாளி "எங்கட தர்ஷன்" என்று சொல்லியிருக்கவே மாட்டார். அவர்கள் தங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறார்கள், அதில் நாம் விருந்தாளி. நமக்கென்று ஒரு வீட்டுக் கதை இருந்து, அதில் அவர்கள் கௌரவ வேடத்தில் வந்து போனால் கணக்குச் சரியாகியிருக்கும். அந்த வீடுதான் இல்லை.

அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் நினைவில் வந்தது. இந்த எம்பிலிப்பிட்டியவுக்கும் காணாமற்போன பிள்ளைகள் உண்டு. 1989 இன் கடைசியிலும் 1990 இன் தொடக்கத்திலும் இங்கிருந்து 30 இற்கும் மேற்பட்ட மாணவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெற்றோர் விடாமல் அலைந்தார்கள். 1999 இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபரையும் இராணுவத்தினர் சிலரையும் குற்றவாளிகளாகக் கண்டு சிறைத்தண்டனை விதித்தது. பிள்ளைகள் வரவில்லை. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் அம்மாமாருக்கும் இந்த ஊர் அம்மாமாருக்கும் ஒரே தொடரில் ஆயிரம் நாள் பக்கத்துப் பக்கத்து வீடு கொடுக்கலாம். இருவரும் ஒருவரையொருவர் மன்னிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, தேங்காய்ப் பாதி கடன் கேட்டுக்கொண்டு இருந்தாலே போதும். அப்படி எழுதினால் எந்த அலைவரிசை வாங்கும் என்பது அடுத்த சங்கடம்.

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் அங்கேயும் நமக்கு விருந்தினர் வாசல்தான். 2019 இல் கிளிநொச்சிப் பிள்ளை லொஸ்லியா 'பிக் பாஸ்' வீட்டுக்குள் போனபோது எங்கள் ஊரே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தது. 2022 இல் ஜனனி போனார். 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா ஸீ தமிழின் 'சரிகமப' மேடையில் வென்றபோது பட்டாசு வெடித்தோம். சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அந்த மேடைகளில் நமக்குத் தரப்படும் நுழைவுச் சீட்டைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் பேச்சழகைப் புகழ்வார்கள். பிறகு துயரத்தைக் கேட்பார்கள். நடுவர் கண்ணைத் துடைப்பார், இசை ஏறும், விளம்பர இடைவேளை வரும். அங்கே தினமும் இரவு ஓடும் தொடர்களிலோ நம் பேச்சுப் பேசும் ஒரு குடும்பம் குடியிருப்பதில்லை. நாம் அவர்களின் பார்வையாளர்கள், இடைக்கிடை அவர்களின் கண்ணீர்.

நமக்கு ஏன் சொந்தத் தொடர் இல்லை என்பதற்குக் காசுதான் முதல் பதில். ஏற்கெனவே எடுத்து முடித்த தென்னிந்திய அத்தியாயத்தை வாங்கி ஓட்டுவது மலிவு. ஒரு அத்தியாயத்தைப் புதிதாக இங்கே எடுக்க நடிகர், ஒளிப்பதிவு, சாப்பாடு, வாகனம் எல்லாம் வேண்டும், விளம்பரம் தரும் நிறுவனத்துக்கோ நம் சந்தை சின்னது. 2006 இல் வெளிநாட்டுத் தொடர்கள் மீது அரசு வரி போட்டபோது உள்நாட்டுத் தயாரிப்பைக் காப்பது என்று நியாயம் சொன்னார்கள். சிங்களத்தில் காப்பதற்கு ஒரு தொழில் இருந்தது. தமிழில் காக்கும் அளவுக்கு எதுவும் எழும்பியிருக்கவில்லை.

ஆனால் காசு மட்டும் பதிலில்லை. எழுபதுகளின் கடைசியில் இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' தொடர்நாடகம் ஒலித்தது. யாழ்ப்பாணத்து வீடு, யாழ்ப்பாணத்துப் பேச்சு. நம் ஊர் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாத்திரங்களின் பெயரைச் சொல்லி மூக்கை உறிஞ்சுவார்கள். படம்கூட இல்லை, வெறும் குரல். அதில் யாரும் விருந்தாளியாக இருக்கவில்லை. பிறகு வந்த முப்பது வருடத்தில் எழுதக் கூடியவர்கள் போனார்கள், நடிக்கக் கூடியவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் கரையேறினார்கள், மிஞ்சியவர்களுக்குச் செத்தவர்களைப் பற்றி எழுதவே தாள் போதவில்லை.

பாரதிபுரத்தில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் ஒரு குட்டித் தொடர் எடுக்கிறார்கள். பத்து நிமிட அத்தியாயங்கள். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மலையகத்து மாமியும் யாழ்ப்பாணத்து மருமகளும், நுண்கடன் கட்ட வேண்டிய வெள்ளிக்கிழமைகளும். மாமியாக நடிப்பது என் அம்மா. மூன்றாவது அத்தியாயத்தில் சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்று இரண்டு பேரும் அடிபடுகிறார்கள், அதற்கே நாலு நிமிடம் போகிறது. ஒலிப்பதிவு மோசம், பக்கத்து வளவு நாய் எல்லாக் காட்சியிலும் குரைக்கிறது.

எனக்கும் ஒரு வேடம் தந்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வரும் பத்திரிகையாளர். மாமியிடம் போரைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான், இரண்டு காட்சி. மாமி பதில் சொல்லாமல் அரிசி களைந்துகொண்டிருப்பாராம். "அக்கா, நீங்க தெரிஞ்ச முகம், அதுதான்" என்கிறான் இயக்குநர், வயது பத்தொன்பது. வருகிற ஞாயிறு காலை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான், மின்சாரம் நிற்காவிட்டால்.